கஃபீலுக்கு ஒரு கட்டுரை

"ஆலிமா, பதில் வந்துட்டு!"

சுமையா போட்ட சத்தத்தில் பந்தியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம். எங்கள் விடுதியில் வாரத்துக்கு ஒருமுறை அன்றைக்குத்தான் கறிச்சோறு. அதை விட்டுவிட்டு எழுந்து வருகிறார்கள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பொரித்த அப்பளத்தைக் கையில் பிடித்தபடியே என் கைப்பேசியைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். திரை முழுக்க எண்ணெய் விரல்.

சவூதியில் இருக்கும் சுமையாவின் வாப்பா, தன் முதலாளி அனுப்பிய பதிலை அப்படியே எங்களுக்குத் தள்ளிவிட்டிருந்தார். திறந்தேன்.

ஒரு ரோஜாப்பூ. இதழ்களில் பனித்துளிகள். துளிகள் விட்டுவிட்டு மின்னின. அடியில் தங்க நிற அரபி எழுத்தில் ஒரு வாழ்த்து. 'இந்த வெள்ளிக்கிழமையை அல்லாஹ் உங்களுக்கு அருள் நிறைந்ததாக ஆக்குவானாக.' அவ்வளவுதான்.

"லீவு குடுத்திருக்காரா இல்லையா, ஆலிமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"பூ குடுத்திருக்காரு" என்றேன்.

சுமையா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி, வயல் முடிந்து ஆறு தொடங்குகிற இடத்தில் இருக்கும் பெண்கள் அரபிக் கல்லூரி ஒன்றில் நான் இன்ஷா நடத்துகிறேன். இன்ஷா என்றால் அரபியில் சொந்தமாக எழுதப் பழக்கும் பாடம். பிள்ளைகள் விடுதியில் தங்கி ஐந்து வருஷம் படித்து 'ஆலிமா' பட்டம் வாங்குவார்கள். சுமையா கடைசி வருஷம்.

அவளுடைய வாப்பா சவூதியில் ஒரு வீட்டில் கார் ஓட்டுகிறார். அங்கே வேலை கொடுத்தவரைக் கஃபீல் என்பார்கள். அவர் சம்மதித்தால்தான் லீவு. பட்டமளிப்பு முடிந்த கையோடு சுமையாவுக்கு நிக்காஹ் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்திருக்கிறார். அவருடைய லீவு முடிவதற்குள் நடத்தியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது விமான டிக்கெட்தான்.

சுமையாவின் வாப்பா வாயால் கேட்டுப் பார்த்துவிட்டார். அவருடைய அரபி வா, போ, இடது, வலது, பெட்ரோல் வரைக்கும் வரும். மகள், கல்யாணம், பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் வராது. கஃபீல் ஒரே கேள்வி கேட்டாராம். நீ போய்விட்டால் என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டு விடுவது? பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு பார்ப்போம் என்று முடித்துவிட்டார்.

வாப்பா வராவிட்டால் கல்யாணம் நின்றுவிடாது. அதற்கெல்லாம் மார்க்கத்தில் வழி இருக்கிறது. பெண்ணின் தகப்பனார் வெளியூரில் இருந்தால் இன்னொருவருக்கு வக்காலத்துக் கொடுத்து, அவர் இடத்தில் உட்கார வைக்கலாம். சுமையாவின் பெரிய வாப்பா அதற்குத் தயாராக வெள்ளைச் சட்டையைத் தேய்த்தே வைத்துவிட்டார்.

"போன்லயே வக்காலத்து வாங்கிருவோம். இப்ப எல்லா இடத்துலயும் அப்படித்தான நடக்கு" என்றார்.

"எங்க வாப்பா வந்து இருக்காம நான் சம்மதம் சொல்ல மாட்டேன்" என்றாள் சுமையா.

தகப்பனை அவள் லீவு லீவாகத்தான் பார்த்திருக்கிறாள். பிறந்தபோது அவர் இல்லை. குர்ஆன் ஓதி முடித்த விருந்துக்கு இல்லை. கை ஒடிந்து கிடந்தபோதும் இல்லை. இந்த ஒரு நாளையும் போனில் நடத்த அவளுக்கு மனசில்லை. அதில் என்ன பிடிவாதம் இருக்கிறது, சொல்லுங்கள்?

அப்போதுதான் அவர்கள் வீட்டில் யாருக்கோ யோசனை உதித்தது. "அஞ்சு வருஷமா அரபி படிக்கால்லா? அவளே கஃபீலுக்கு எழுதிக் கேக்கட்டுமே!" இப்படியாக அந்தப் பாரம் இன்ஷா நடத்துகிறவள் தலையில் வந்து இறங்கியது.

ஒட்டகத்தில் மணிமுத்தாறு

எங்கள் பிள்ளைகள் அரபி எழுதுகிற அழகை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பாடப் புத்தகம் எங்கோ வடக்கே அச்சானது. அதில் இருக்கும் மாதிரிக் கட்டுரைகள் எகிப்திலிருந்து புறப்பட்டவை. 'நைல் நதியில் ஒரு மாலை', 'பாலைவனப் பயணம்', 'பனிக்காலக் காலை'. பிள்ளைகள் இவற்றை அப்படியே மனப்பாடம் செய்வார்கள். பரீட்சையில் எதைக் கேட்டாலும் மூன்றில் ஒன்று விழும்.

வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் தாமிரபரணி சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் தூரத்தில் மாஞ்சோலை மலை. "நம்ம ஆத்தைப் பத்தி எழுதுங்க பிள்ளைகளா" என்றேன் ஒருமுறை. எழுதினார்கள். தாமிரபரணியில் பாய்மரக் கப்பல்கள் போயின. கரையில் பேரீச்சை காய்த்தது. ஒருத்தி இன்னும் தாராளமாக, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பிரமிடையும் எழுப்பியிருந்தாள்.

சரி, கண்ணால் பார்த்தால் திருந்துவார்கள் என்று மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டிப்போனோம். திரும்பி வந்ததும் எழுதச் சொன்னேன். அத்தனை பேரும் ஒட்டகத்தில் போய் வந்திருந்தார்கள். வழியெல்லாம் வேனில் வாந்தி எடுத்து, என் புர்காவையும் பாழாக்கிய ஒருத்தி எழுதியிருந்தாள். 'ஒட்டகத்தின் மென்மையான நடை எங்களைத் தாலாட்டியது.'

"ஏளா, நாம வேன்லதான போனோம்?"

"வேனுக்கு மாதிரிக் கட்டுரை இல்லையே ஆலிமா" என்றாள் அவள், நான்தான் ஏதோ குறை வைத்துவிட்டதைப் போல.

நானும் இதே வழியில் வந்தவள்தான். படிக்கிற காலத்தில் 'என் தந்தையின் தோட்டம்' என்ற கட்டுரைக்கு முதல் பரிசு வாங்கினேன். என் வாப்பா மேலப்பாளையத்தில் ஒரு பீடிக் கம்பெனியில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தது ஒரே ஒரு முருங்கை, அதிலும் கம்பளிப்பூச்சி. கட்டுரையிலோ திராட்சையும் மாதுளையும் கொத்துக்கொத்தாகத் தொங்கின. வாப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். படித்து அர்த்தம் சொல்ல யாராலும் முடியாததால் குடும்ப மானம் தப்பியது.

இன்னொன்றும் உண்டு. அரபியில் எதை எழுதினாலும் முதலில் இறைவனைப் புகழ வேண்டும், அடுத்து நபி மீது ஸலவாத்து என்னும் வாழ்த்து, அடுத்து யாருக்கு எழுதுகிறோமோ அவருக்குப் பட்டங்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் 'அம்மா பஃது' என்று எழுதுவார்கள். 'இனி விஷயத்துக்கு வருவோம்' என்று பொருள். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லை எழுதும்போது தாள் முடிந்திருக்கும். விஷயத்துக்கு வருவோம் என்று சொல்வதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் நிர்வாகக் கமிட்டிக் கூட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்கும், தமிழில்.

மாமியின் சாக்கு

சென்ற வாரம் இந்தப் பத்தியில் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதிலிருந்து எங்கள் சமையற்கட்டு ராணி மைதீன் பாத்து மாமி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இந்த வாரத்தோடு சுத்தமாக முறிந்துவிடும். என்ன செய்ய, மாமி இல்லாமல் இந்தக் கதை நகராது.

எழுதப் பழகுகிறவள் முதலில் காகிதத்தை வீணாக்கப் பழக வேண்டும். எழுது, அடி, கிழி, மறுபடி எழுது. உலகத்தில் எந்த மொழிக்கும் இதுதான் வழி. எங்கள் இடத்தில் அது நடக்காது. அரபி எழுத்து இருக்கும் காகிதத்தை யாரும் கிழிக்க மாட்டார்கள், கசக்க மாட்டார்கள், குப்பையில் போடவே மாட்டார்கள்.

மாமிக்கு அரபி வாசிக்கத் தெரியும், ஓதத் தெரியும். அர்த்தம் தெரியாது. ஆகவே அவருக்கு எல்லா அரபியும் ஒன்றுதான். பிள்ளைகள் எழுதிப் போட்ட தாள்களையெல்லாம் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, அரிசிச் சாக்கில் போட்டு, கால் படாத உயரத்தில் சாமான் அறை உத்தரத்தில் தொங்கவிடுவார். சாக்கு நிறைந்ததும் பின்னால் தென்னந்தோப்பில் குழி வெட்டி மரியாதையாகப் புதைப்பார்கள். ஆட்டைப் பற்றிய கட்டுரை, சந்தையைப் பற்றிய கட்டுரை, அந்தத் தாலாட்டிய ஒட்டகம் எல்லாம் அந்தத் தோப்பில்தான் அடக்கமாகியிருக்கின்றன.

மாமியின் அலமாரி மேல்தட்டில் சவூதியிலிருந்து வந்த பேரீச்சம்பழப் பெட்டி, தைலப் புட்டி, சூப்புக் கட்டி அட்டை எல்லாம் வரிசையாக இருக்கும். அதிலும் அரபி எழுத்தாம்.

"மாமி, இது கோழி சூப்பு அட்டை. சுடு தண்ணியில கரைச்சுக் குடிக்கச் சொல்லிப் போட்டிருக்கு."

"நல்ல விஷயந்தான போட்டிருக்கு? இருந்துட்டுப் போட்டும்" என்றார் மாமி.

இந்த மரியாதையைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். நானும் அந்த அட்டையைக் காலால் தள்ள மாட்டேன். ஆனால் பிள்ளைகள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். தப்பாக எழுதிய வாக்கியத்தை அடிக்கக்கூட மாட்டார்கள். அதன் பக்கத்திலேயே சரியானதையும் எழுதிவிட்டு மேலே போவார்கள். ஒரே அடுப்படியில் மாமியாரும் மருமகளும் மாதிரி தப்பும் சரியும் சேர்ந்தே நிற்கும். வாசிக்கிறவள் பாடு திண்டாட்டம்.

கூட்டலும் கழித்தலும்

ரோஜாப்பூ வந்த கதைக்கு வருகிறேன்.

சுமையா எழுதிய முதல் கட்டுரையைக் கல்லூரியே கூடித்தான் தயாரித்தது. புகழ்ச்சி, ஸலவாத்து, வேண்டுதலாக நாலைந்து துஆக்கள். பிறகு கஃபீலைக் கொடையின் கடல் என்றார்கள், கோத்திரத்தின் பூரணச் சந்திரன் என்றார்கள், அனாதைகளின் நிழல் என்றார்கள். கடைசி வரியில், 'தங்கள் கருணைப் பார்வையை எதிர்பார்க்கிறோம்.' லீவு என்ற சொல் எங்கேயும் இல்லை. கல்யாணம் என்ற சொல்லும் இல்லை. அதை நான் தட்டச்சு செய்து சுமையாவின் வாப்பாவுக்கு அனுப்ப, வாப்பா அதை அப்படியே கஃபீலுக்குத் தள்ளிவிட, போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை காலை. அந்த மனிதர் என்ன நினைப்பார்? டிரைவர் நமக்கு வெள்ளிக்கிழமை துஆ அனுப்பியிருக்கிறார் என்று ஆமீன் சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒரு பூவை அனுப்பிவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மறுநாள் நான் பேனாவை எடுத்தேன். ஒரு ஸலாம். நான் உங்கள் டிரைவரின் மகள். எனக்கு இந்தத் தேதியில் கல்யாணம். வாப்பாவுக்கு லீவு கொடுங்கள். இவ்வளவு போதும் என்று சுமையாவை எழுத வைத்தேன். கல்லூரியிலிருந்து எது வெளியே போனாலும் முதல்வர் ஹஜ்ரத் பார்க்க வேண்டும். பெண்கள் கல்லூரி என்பதால் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பார், குரல் மட்டும் ஒலிபெருக்கி வழியாக இந்தப் பக்கம் வரும். தாள் ஒரு சின்னச் சன்னல் வழியாகப் போகும்.

"என்னம்மா இது, கடன்காரன் வாசல்ல நின்னு கேக்குத மாதிரில்லா இருக்கு? அதபு, மரியாதை வேண்டாமா?" என்றது ஒலிபெருக்கி.

தாள் திரும்பி வந்தபோது சந்திரன் மறுபடி உதித்திருந்தது. நான் சந்திரனை எடுத்துவிட்டு அனுப்பினேன். கடல் வந்தது. கடலை வற்றவைத்து அனுப்பினேன். மூன்று துஆவும் ஒரு கவிதையும் வந்தன. ஹஜ்ரத் நல்ல மனிதர், பெரிய படிப்பாளி. அவர் மரியாதையைச் சேர்த்துக்கொண்டே போனார், நான் குறைத்துக்கொண்டே வந்தேன். மாமியின் சாக்கு மட்டும் ஒழுங்காக நிறைந்தது.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வாப்பா வந்து வாசலில் நின்றார்.

"நீங்களும் ஹஜ்ரத்தும் எழுதி முடிக்கதுக்குள்ள மாப்பிள்ள துபாய்க்கே திரும்பிப் போயிருவாரு போலுக்கு. சனிக்கிழமை காலையில ரெண்டு சாட்சிய கூட்டிட்டு வாரேன். இங்கன வச்சே தம்பிக்குப் போனப் போட்டு வக்காலத்த வாங்கிருவோம். அவளும் சம்மதிச்சிருவா. நீங்க பைய சொல்லுங்க."

பையச் சொன்னேன். சுமையா எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டாள்.

நாலு வரி

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஆற்றுப் பக்கப் படியில் அவளைத் தனியாக உட்கார வைத்தேன். துவைத்துக் காயப்போட்ட புர்காக்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு எரிச்சல். ஹஜ்ரத் மேல், பெரிய வாப்பா மேல், நைல் நதி மேல், எல்லார் மேலும் எரிச்சல்.

"அரபிய விடுளா. அந்த ஆளு இப்ப உன் முன்னால நின்னா தமிழ்ல என்ன சொல்லுவ?"

அவள் தாளை முழங்காலில் வைத்து அரபியிலேயே எழுதத் தொடங்கினாள். தயங்கவில்லை, அகராதியைப் புரட்டவில்லை. நாலே வரி. என்னிடம் நீட்டினாள்.

'அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடுபவர் என் வாப்பா. என்னை அவர் ஒரு நாள்கூடக் கொண்டு விட்டதில்லை. எனக்குக் கல்யாணம்; அன்றைக்கு மட்டும் அவர் எனக்கு வேண்டும்.'

படித்ததும் எனக்கு வந்தது பெருமை இல்லை. பயம். சொந்தமாக எழுது, சொந்தமாக எழுது என்று வருஷக்கணக்காகத் தொண்டை வறளக் கத்தியவள், ஒருத்தி எழுதிவிட்டாள் என்றதும் நடுங்கிப் போனேன். இதைப் படித்துவிட்டு அந்த மனிதர் கோபப்பட்டால்? வேலை போனால்? சிவப்புப் பேனாவை எடுத்து, "இந்த மூணாவது வரிய மட்டும் அடிச்சிருவோம்" என்றேன்.

அவள் தாளைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அரபி எழுத்த அடிக்கக் கூடாது ஆலிமா."

சிவப்புப் பேனாவை மூடினேன். அத்தனை வருஷமும் இந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது என்னை மண்ணைக் கவ்வ வைத்தது.

சன்னல் வழியாகத் தாள் போனது. ஒலிபெருக்கியில் அவர் நாலு வரியையும் முணுமுணுப்பாக வாசிப்பது கேட்டது. ஹஜ்ரத்துக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. பிறகு குரல் வந்தது.

"இதுல சேக்கதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லம்மா. அனுப்புங்க."

தாளைப் படம் எடுத்து வாப்பாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டோம். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "என்ன அர்த்தம்மா?" என்று கேட்டார். சுமையா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். மூன்றாவது வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"இத எப்படிம்மா அவருகிட்ட நீட்டுவேன்?" என்றார் கடைசியில். "வேலைய விட்டு அனுப்பிட்டாருன்னா?"

"அனுப்புனா ஊருக்குத்தான வருவீக?" என்றாள் சுமையா.

அவர் சிரித்ததும் கேட்டது, மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாளாகக் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை

பெரிய வாப்பா சொன்னபடி வந்துவிட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கூடவே சாட்சிக்கு இரண்டு பேர். பார்வையாளர் அறையில் உட்கார வைத்து மாமி டீ கொடுத்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் சுமையாவும். அவள் முகம் வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

பெரிய வாப்பா தம்பிக்குப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"வண்டி ஓட்டிட்டு இருப்பானாயிருக்கும். என்னளா சுமையா, அவன் வாயால சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? நீ சம்மதத்தச் சொல்லிரு. அவன்கிட்ட நான் பெறவு பேசிக்கிடுதேன்."

சாட்சிகள் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சுமையா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். என்னாலும் இனி அவளுக்காக ஒன்றும் பேச முடியாது என்று தோன்றியது. அந்த நிமிஷம் என் படிப்பின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அப்போது என் கைப்பேசி அதிர்ந்தது. வாப்பாவிடமிருந்து ஒரு படம். கஃபீல் அவருக்கு எழுதியிருந்த பதில். புகழ்ச்சி இல்லை, பட்டம் இல்லை, இரண்டே வரி அரபி. நான் வாசிக்கவில்லை. அவள் கையில் கொடுத்தேன்.

முதலில் மனசுக்குள் வாசித்தாள். பிறகு அரபியில் சத்தமாக வாசித்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய வாப்பா கேட்டார்.

"என்ன போட்டிருக்காம்? தமிழ்ல சொல்லுளா."

சுமையா சொன்னாள்.

"'நாளையிலிருந்து என் பிள்ளைகளை நானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடுகிறேன். நீ உன் மகளிடம் போ.'"